கால் எடுத்த பிறகும்

புருஷன் வால்டர் ஓட்டும் மோட்டார் காடி ரப்பர்த் தோட்டத்துக்குள் வருவதை லூர்து மேரி கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். சிடாம் கிரி பக்கமிருந்து பிரிந்து வரும் செம்மண் சாலை சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு மேட்டில் ஏறும். அதைத் தோட்டத்தில் கூனிமேடு என்பார்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏறித்தான் ஆகவேண்டும், உச்சியில் வளைந்துதான் ஆகவேண்டும். ஏறும்போது என்ஜின் கத்தும். உச்சியில் வால்டர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். சத்தம் மளமளவென்று இறங்கும். அந்த இறக்கம் காதில் விழுந்ததும் மேரி அடுப்பில் கோப்பித் தண்ணீரை வைப்பாள். காடி ஆபீஸைச் சுற்றி, பங்களாவில் மேனேஜர் தொரையை இறக்கிவிட்டு, வால்டர் நடந்து வீடு வந்து சேரத் தண்ணீரும் கொதித்து நிற்கும். வெள்ளைக்காரத் தொரை காலத்துப் பழைய காடியிலிருந்து இதுதான் அவள் குடித்தனத்துக் கடிகாரம்.

எண்பத்து நாலாம் வருஷம் அந்தக் கடிகாரம் கெட்டுப்போனது.

புதிதாக வந்த சுப்பிரமணியம் தொரை கோலாலம்பூர்க்காரர். தோட்டத்துக்கு வந்த முதல் தமிழ்த் தொரை என்று லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் பூரித்துப் போய் மாலையெல்லாம் போட்டார்கள். அவரும் போட்டுக்கொண்டார். பிறகு வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை ஒவ்வொன்றையும் வெட்டினார். அது வேறு கதை. வந்த சில மாதங்களில் பினாங்கில் யாரோ ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடமிருந்து ஒரு ஜப்பான் காடி வாங்கினார். கறுப்பு நிறம். இரண்டு பக்கமும் வெள்ளை எழுத்தில் டர்போ என்று எழுதியிருந்தது. மிதித்தால் முதலில் சும்மா இருக்கும். பிறகு உள்ளே யாரோ விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் கிளம்பும். அதன்பிறகு முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். தொரைக்கு அந்த விசில் மேல் அப்படி ஒரு பிரியம்.

மேரிக்குப் பிடிக்கவில்லை. உச்சியில் சத்தம் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு மனசில்லாமல் தணிந்தது. முதலில் வால்டர்தான் காலை எடுக்கத் தாமதிக்கிறார் என்று நினைத்தாள். தினமும் அப்படியே இருக்கவும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாள். சார்டின் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் வைத்திருந்தாள்.

"ஏங்க, மேட்டு மேல வந்தும் ஏன் மிதிச்சுக்கிட்டே வர்றீங்க? வயசு திரும்புதோ?"

வால்டர் சிரிக்கவில்லை. கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒனக்கும் கேட்டுச்சா? நான் என் காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"என்னா அது?"

"கால எடுத்துடுறேன் மேரி. எடுத்த பொறவும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நம்ம சொன்னதக் காதுல வாங்கி, கொஞ்சம் யோசிச்சுட்டு, அப்பறமா எறங்குது. மொதல்ல கொஞ்சமா இருந்துச்சு. இப்ப கூடுது."

"தொரைகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன்லா."

சொன்ன கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிட்டது. தொரை அவரை ஆபீஸுக்குள் கூப்பிட்டிருக்கிறார். கணக்கெழுதும் கிராணிமார் பார்த்துக்கொண்டிருக்க, தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியின் சுவிட்சை அணைத்திருக்கிறார். "பாரு வால்டர், நல்லாப் பாரு" என்றாராம். காற்றாடி சுற்றிச் சுற்றி, ஓய்ந்து நிற்கும்வரை வால்டர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கவேண்டியதாயிற்று.

"'சுவிட்ச ஆஃப் பண்ண ஒடனே நின்னுச்சா? இல்லல்ல? டர்போவும் ஒரு ஃபேன்தான். கால எடுத்தாலும் அது சுத்தும். டர்போன்னா அப்படித்தான் மேன்'னு சொல்றாரு. கிராணிங்கல்லாம் தலைய ஆட்றானுங்க. நான் என்னாத்தப் பேசுறது?"

"அவரு சொல்றதும் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு." வால்டர் கையைக் கழுவிக்கொண்டார். "கடைசியா ஒண்ணு சொன்னாரு. 'ஒனக்குக் கஷ்டமா இருந்தாச் சொல்லு. பட்டர்வொர்த்துல ஒரு பையன் இருக்கான், இந்த மாதிரி காடியெல்லாம் ஓட்டிப் பழக்கம்'னாரு."

டிரைவர் வீடு என்பது லயத்துக்கு வெளியே தனியாக நின்றது. கண்ணாடி சன்னல், வாசலிலேயே தண்ணீர்க் குழாய், தனிக் கக்கூஸ். டிரைவர் வேலை போனால் வீடும் போகும். குடல் இறக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட வால்டரால் ரப்பர்ப் பால்வாளி தூக்கி மேடு ஏற முடியாது. பெண் ஜோசபின் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவள் படித்ததெல்லாம் அந்தக் கண்ணாடி சன்னலோரத்தில்தான். அதையெல்லாம் ஒரு சத்தத்துக்காகப் பறிகொடுக்க மேரிக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. விடிவதற்கு முன்பே மழை. பெரட்டுக்குப் பேர் கொடுக்க வந்த ஜனம் சாக்கைப் போர்த்திக்கொண்டு வீடு திரும்பும். மரமெல்லாம் நனைந்து கறுத்து நிற்கும். செம்மண் சாலை சோப்புத் தேய்த்ததுபோல வழுக்கியது. அப்படி ஒரு முற்பகலில் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளை ஆயா பாலத்தோரம் நடத்திக்கொண்டு வந்தபோது, மேட்டிலிருந்து கறுப்புக் காடி இறங்கியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு சாலையோரக் கானில் குதித்தார்கள். காடி பாலத்தின் கைப்பிடியை உரசிக்கொண்டு போய்த் தூரத்தில் நின்றது. பின்சீட்டில் இருந்த தொரை கண்ணாடியை இறக்கி, ஆயாவைத்தான் திட்டினார்.

அன்று வால்டர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேரி கோப்பியைக் கையில் கொடுத்தபோது வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"பிரேக்கு கல்லாட்டம் நின்னுச்சு மேரி. என் பாரத்தையெல்லாம் போட்டு மிதிச்சேன். என்ஜினும் எறங்கல. பிரேக்கும் எறங்கல. ஃபேன் சுத்துதுன்னா பிரேக்கு ஏன் கல்லாவுது?"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் வால்டர் பழனியாண்டியைக் கூட்டிவந்தார். பழனியாண்டி தோட்டத்து டிராக்டர்களைப் பார்க்கும் ஃபிட்டர். தொரை வேறொரு தொரையின் காடியில் சுங்கை பட்டாணி கிளப்புக்குப் போயிருந்தார். டர்போ, கழுவுகிற சாக்கில் டிரைவர் வீட்டு வாசலில் நின்றது.

"வால்டரண்ணே, இந்த சாமானெல்லாம் எனக்குப் புதுசு. நான் தொட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலைய எடுத்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டேதான் பழனியாண்டி பானெட்டைத் தூக்கினான். என்ஜினை ஓடவிட்டு, உள்ளே தலையை விட்டு, காது கொடுத்துக் கேட்டான். ஜோசபின் குடை பிடித்தாள். அவன் விரல் ஒவ்வொரு குழாயாகத் தடவிக்கொண்டு போனது. பெருவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் டியூபின் அடிப்பக்கத்தில் போய் நின்றது. அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

என்ஜின் சட்டென்று அடங்கியது.

விரலை எடுத்தான். மறுபடி எகிறியது. வைத்தான், அடங்கியது. வேடிக்கை காட்டுவதுபோல இன்னும் ஒருமுறை செய்து காட்டினான். அத்தனை நாள் மேரியின் கடிகாரத்தைக் கெடுத்த சத்தம் ஒரு வெடிப்புக்குள் இருந்திருக்கிறது.

"இது என்ஜின்லேருந்து பிரேக்குக்குப் போற டியூபுண்ணே. கால எடுத்தா என்ஜின் காத்த உள்ள உறிஞ்சும். அந்த உறிஞ்சலுதான் பிரேக்குக்கு பெலம். வெடிப்பு வழியா வெளிக்காத்து உள்ள போயிடுது. என்ஜினுக்கு அது தீனி. அதான் கால எடுத்தும் எறங்கல. பிரேக்குக்கு பெலமும் போயிடுச்சு."

"புது டியூபு?"

"பினாங்குலதான் கெடைக்கும். தொரை கையெழுத்துப் போடணும்."

"அவரு எங்க போடுவாரு?" என்றார் வால்டர். "ஃபேன் கதையச் சொன்ன மனுசன், டிராக்டர் ஃபிட்டரு வந்து சொன்னான்னு கேட்டுக்குவாரா? யாரு ஒன்ன பானெட்டத் தொறக்கச் சொன்னான்னு கேப்பாரு. மறுநாளு பட்டர்வொர்த்துப் பையன் வந்து நிப்பான்."

அப்போது மேரிதான் சொன்னாள்.

"ஷீட்ட வச்சு சுத்திப் பாப்பமா?"

சொன்னதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தத் தோட்டத்தில் ஓட்டை என்று எது வந்தாலும் அதற்கு மருந்து ரப்பர்தான். சைக்கிள் டியூபுக்கு, ஒழுகும் வாளிக்கு, தகரக் கூரைக்கு, மழைச் சப்பாத்துக்கு எல்லாம் புகைவீட்டில் காய்ந்து வரும் ரப்பர் ஷீட்டைக் கீறி, ரப்பர்ப் பால் தடவி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். காய்ந்தால் பாறைதான். புகைவீட்டில் வேலை செய்யும் மேரியின் கட்டு என்றால் லயத்தில் ஒரு பேர் உண்டு. பழைய தொரையின் தோட்டக் குழாய்க்கு அவள் போட்ட கட்டு அவர் கப்பலேறிப் போன பிறகும் பங்களாவில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

பழனியாண்டி தலையைச் சொறிந்தான். "என்ஜின் சூடு தாங்குமா அக்கா?"

"புகைவீட்டுச் சூட்டுல வெந்து வந்த ஷீட்டுப்பா. இந்தச் சூடு அத என்னா பண்ணிடும்?"

"கொஞ்ச நாளைக்குத் தாங்கும்னு வச்சிக்குங்க. ஆனா அண்ணே, ஏத்தத்துல ரொம்ப மிதிக்காதீங்க. மிதிச்சா டர்போ உள்ளேருந்து ஊதும். கால எடுத்தா உறிஞ்சும். ஊதுறதும் உறிஞ்சுறதும் அந்த டியூபுக்கு ரோதன. எப்படியாச்சும் புதுசு வாங்கிடுங்க."

மேரி ஷீட்டு வெட்டுத்துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கிக் கொண்டுவந்தாள். பொன்னிறம், குமிழ் இல்லாதது. நாடாவாகக் கீறி, பாலில் நனைத்து, வெடிப்பின் மேல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இழுத்து இழுத்துச் சுற்றினாள். கடைசிச் சுற்றின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கினாள். என்ஜின் எண்ணெய் அப்பிய கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இருக்கக்கூடாதா என்ன?

மறுநாள் மாலை கூனிமேட்டில் காடி ஏறியது. உச்சி வந்தது. சத்தம் பழைய மாதிரி மளமளவென்று இறங்கியது. மேரி சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே கோப்பித் தண்ணீரை வைத்தாள்.

"ஒங்க அம்மா கட்டு எப்படி?" என்று வால்டர் ஜோசபினிடம் கேட்டுவிட்டு, மேரியைப் பார்த்துக் கண்ணடித்தார். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்திருக்கிறார். "தொரை இன்னிக்கு என்னா சொன்னாரு தெரியுமா? 'பாத்தியா வால்டர், இப்ப ஒனக்குப் பழகிடுச்சு. காடி மேல கொற சொல்லக்கூடாது'ன்னாரு."

"டியூபு வாங்கணும்னு மெல்லச் சொல்லிப் பாக்குறது?"

"சொன்னேன். 'நல்லா ஓடுற காடிக்கு எதுக்கு மேன் டியூபு'ன்னு கேட்டாரு. இல்ல தொரை, நாங்க ஒரு கட்டு போட்டிருக்கோம், அதான் நல்லா ஓடுதுன்னு சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாதுதான். இப்படியாகக் கட்டு நன்றாக நின்றதே அவர்கள் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது. மழை பெய்துகொண்டே இருந்தது. தொரைக்கு அவசரம் வரும்போதெல்லாம் "மிதி மேன், மிதி" என்பார். வால்டர் மிதித்தார்.

ஜோசபினுக்கு ஆசிரியர் பயிற்சி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது அந்த வாரம்தான். அலோர் ஸ்டாரில், காலையில். தொரை ஏதோ கூட்டத்துக்காக முந்தின நாளே ரயிலில் அலோர் ஸ்டார் போனார். மறுநாள் காடியைக் கொண்டுவந்து தன்னை அழைத்துப் போகச் சொன்னவர், "உன் மகளையும் ஏத்திட்டு வா, பரவால்ல" என்றும் சொன்னார். வால்டர் அதை வீட்டில் சொல்லும்போது தொரையை வாழ்த்தாத குறைதான்.

அன்று மாலை துணி துவைக்கையில், வால்டரின் கால்சட்டைப் பையில் இருந்த, காடி துடைக்கும் கைத்துணி மேரியின் விரலில் ஒட்டியது. பழுப்பாக, பிசுபிசுவென்று என்னவோ அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். போய்விட்டது. தார் என்று நினைத்துக்கொண்டாள். சாலையில் எங்கேயோ தார் போடுகிறார்கள், மிதித்துவிட்டு அதில் துடைத்திருப்பார். ஒரு வாசம் மட்டும் விரலில் நின்றது. தெரிந்த வாசம்போல இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. சோறு பிசையும்போதும் அந்த விரலை முகர்ந்து பார்த்தாள்.

காலையிலும் மழை. ஜோசபின் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்டுக்கொண்டு, தோசையும் நெத்திலிச் சம்பாலும் சிந்திவிடாமல் எட்டி எட்டித் தின்றாள்.

"அம்மா, நான் பஸ்ஸுலயே போயிடுறேனே. தொரை காடியில போயி எறங்குனா, என்னமோ பெரிய எடத்துப் புள்ளன்னு நெனச்சுக்குவாங்க."

"நெனச்சுக்கட்டும். இந்த மழையில ஜாலான் ஓரத்துல பஸ்ஸுக்கு நின்னு சேறாயிப் போயி நிக்கப்போறியா? பேசாம அப்பா கூடப் போ."

மாதா படத்துக்கு முன்னால் மூவரும் முட்டி போட்டார்கள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் வாங்கிவைத்த தீர்த்தத்தை மேரி மகளின் நெற்றியில் தடவினாள். "டீச்சரம்மா போயிட்டு வாங்க" என்று வால்டர் குனிந்து வழிவிட்டார். சிரிப்போடுதான் மேரி வேலைக்குக் கிளம்பினாள். பால்வெட்டு இல்லாவிட்டாலும் முந்தைய நாட்களின் ஷீட்டுகளைப் புகைவீட்டில் எடுத்து அடுக்கவேண்டியிருந்தது.

புகைவீட்டில் மருதம்மாள் முந்தி வந்திருந்தாள். மேரியோடு ஜோடியாக வேலை செய்கிறவள், வாய் ஓயாது.

"என்னா மேரி, மக டீச்சராயிட்டா எங்கள எல்லாம் பாப்பியா, மூஞ்சத் திருப்பிக்குவியா?"

"மொதல்ல அவ ஆவட்டும்டி."

"ஆவாமலா? தொரை காடியிலல்ல போறா!"

பேசிக்கொண்டே மருதம்மாள் உருளை மெஷின் பக்கத்தில் கிடந்த அடுக்கை எடுக்கப் போனாள். எடுத்தவள் "ச்சீ" என்று கையை உதறினாள். உதறியும் விடவில்லை. ஷீட்டு அவள் உள்ளங்கையோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

"இங்க வந்து பாரு கூத்த. மெஷினு எண்ண ஒழுகி ஒழுகி, அடியில இருந்த ஷீட்டெல்லாம் கஞ்சியாக் கெடக்கு. மண்டோரு பாத்தாருன்னா நம்ம தலையிலதான் கட்டுவாரு."

மேரி குனிந்து பார்த்தாள். பொன்னிறமாக இருந்திருக்கவேண்டிய ஷீட்டு பழுப்பாக, வெல்லப்பாகுபோலக் கிடந்தது. அதிலிருந்து எழுந்த வாசம் அவள் மூக்கில் ஏறியது.

அவள் விரலை முகர்ந்தாள். நேற்றுத் துணியில் ஒட்டியிருந்த அதே வாசம்.

"எண்ண பட்டா ரப்பரு செத்துச்சுடி, இதுகூடத் தெரியாமயா மெஷினு பக்கத்துல அடுக்குவாளுங்க?" மருதம்மாள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். தெரியாமலா? புகைவீட்டுக்கு வந்த முதல் நாள் மேரிக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஷீட்டுப் பக்கம் எண்ணெய்க் கையோடு வராதே. தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் ஷீட்டைத் தலையில் சுமக்காதே. எத்தனை புதுப் பெண்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அந்த மேரிதான் எண்ணெய் ஊறிய என்ஜினில், எண்ணெய் வழிந்த கையோடு, நல்ல ஷீட்டாகப் பொறுக்கிக் கட்டினாள். சூட்டை யோசித்தார்கள். எண்ணெயை ஒருவரும் யோசிக்கவில்லை. வாளிக்கும் கூரைக்கும் ஏது எண்ணெய்?

"மேரி! ஏ மேரி! எங்கடி போற மழையில?"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கம் போய்ப் பயனில்லை. பங்களாவிலிருந்து காடி கிளம்பும் சத்தம் அப்போதே கேட்டுவிட்டது. சாலை ஆபீஸைச் சுற்றி, ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு கூனிமேட்டுக்கு வரும். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறிக் குறுக்கே போனால் முந்திக்கொள்ளலாம். சப்பாத்து ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள். மரங்களில் கட்டிய, மழைநீர் நிறைந்த பால் மங்குகள் அவள் தோள் பட்டுத் தெறித்தன. மாதாவே, மாதாவே என்பதற்குமேல் ஜெபம் வாயில் வரவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்றாளே பிள்ளை. நான்தானே வேண்டாம் என்றேன்.

கூனிமேட்டு உச்சியில் சாலைக்கு வந்தபோது மூச்சு முட்டியது. ஒரு பக்கம் தோட்டத்துச் சாலை. மறுபக்கம் வளைந்து பாலத்துக்குச் சரியும் இறக்கம். கீழே ஆறு செக்கச் செவேலென்று பெருகி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்தில் காடி இறங்கக்கூடாது. அதற்கு முன்னால் நிறுத்திவிடவேண்டும். அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றாள்.

காடி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு அந்த விசில். நேரமாகிவிட்டதென்று வால்டர் மிதிக்கிறார். மழைக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. மேரி துணியை வீசினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

வால்டர் அவளைப் பார்த்துவிட்டார். கண்ணாடித் துடைப்பானுக்குப் பின்னால் அவர் முகம் நிமிர்ந்ததை அவளும் பார்த்தாள். காலை எடுத்திருப்பார். எடுக்காமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் சத்தம் இறங்கவில்லை. பதிலாகச் சீறிக்கொண்டு ஏறியது. காடி நின்ற பாட்டைக் காணோம். அவளை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அவள் விலகவேண்டும் என்று நினைத்தாள். துணியை வீசிக்கொண்டேதான் நின்றாள். வால்டர்தான் காடியை விலக்கினார். கறுப்புக் காடி அவள் முந்தானையை உரசிக்கொண்டு சாலையை விட்டுப் பாய்ந்து, மூன்றாம் வரிசை மரத்தில் போய் மோதியது. மரத்தில் இருந்த நீர் மொத்தமும் கொட்டியது.

என்ஜின் நிற்கவில்லை. பானெட் மடங்கி, புகை கிளம்பி, அப்போதும் அது முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஜோசபின் வெளியே விழுந்தாள். நெற்றியில் ரத்தம், வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண். நடந்தாள். பிள்ளை நடக்கிறாள், போதும். மேரி முன்கதவுக்குப் போனாள். வால்டர் ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அவர் கால் பிரேக்கின் மேல் இருந்தது. இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதுபோல விறைத்திருந்தது.

"ஏங்க. ஏங்க, நான்தாங்க. பேசுங்க."

அவர் உதடு அசைந்ததுபோல இருந்தது. அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். என்ஜின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது. கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்தாள், திருகினாள். "யாராச்சும் இத நிறுத்துங்களேன்" என்று மரங்களைப் பார்த்துக் கதறினாள்.

ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் ஒழுகிப் போனபிறகுதான் அது தானாகத் தணியத் தொடங்கியது. மெல்ல, மிக மெல்ல. ஒருமுறை குலுங்கி நின்றது. அதன்பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

பழனியாண்டி டிராக்டரில் வந்து சேர்ந்தான். மருதம்மாளும் லயத்து ஜனமும் ஓடிவந்தார்கள். வால்டரைத் தூக்கிச் சாக்கில் கிடத்தினார்கள். பழனியாண்டி அவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். அதே கட்டைவிரல். எடுத்து, மறுபடி வைத்தான். பிறகு மேரியைப் பார்க்காமல் எழுந்து, திறந்து கிடந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஷீட்டு நாடா வெடிப்பிலிருந்து கழன்று, பழுப்புச் சளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை ஒருவருக்கும் தெரியாமல் வழித்தெடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அது போகவில்லை.

ஜோசபின் அம்மாவின் மடியில் வந்து விழுந்தாள்.

"நல்லாத்தாம்மா வந்துச்சு. ஸ்டோரு வளைவுலகூட கால எடுத்துக் காட்டுனாரு. 'பாத்தியா, ஒங்க அம்மா கட்டு எப்படி நிக்குது'ன்னு சொன்னாரும்மா. நீ ஏம்மா அங்க வந்து நின்ன?"

மேட்டு ஏற்றத்தில் டர்போ ஊதியதில்தான் கட்டு பிய்ந்தது என்றும், மேரி குறுக்கே நிற்காதிருந்தால் காடி இறக்கத்தில் ஆற்றுக்குள் போயிருக்கும் என்றும், பிள்ளையும் போயிருப்பாள் என்றும் பழனியாண்டி பின்னால் எத்தனையோ முறை சொன்னான். லயத்துக்குத் திரும்பி, கண்ணாடி இல்லாத சன்னலோரத்தில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். நம்பவும் செய்தாள். அவளை அரித்தது அது இல்லை.

எத்தனையோ வருஷம் அவர் வருவதையும் போவதையும் காதாலேயே தெரிந்துகொண்டவள். அவர் மூச்சு எப்போது நின்றது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. வாயருகே காது வைத்திருந்தும், அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.